எம்ஜிபியின் எஸ்யு கார்புரேட்டர்: ஓர் ஊசியின் கணக்கு

எம்ஜிபி காரின் பானெட்டைத் தூக்கினால் என்ஜினின் ஓரத்தில் அலுமினியத்தில் வார்த்த இரண்டு மூடிகள் தெரியும். டம்ளரைக் கவிழ்த்து அதன் தலையில் ஒரு கழுத்து வைத்தது போன்ற வடிவம். இவைதான் என்ஜினுக்குக் காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் எஸ்யு கார்புரேட்டர்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் எம்ஜிபி. இதிலுள்ள 1798 சிசி என்ஜின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் அதே குடும்பம்தான். எம்ஜிபி என்ஜினுக்கு அண்ணன் முறை.

எஸ்யுவை டியூன் செய்தால் நிற்காது என்று ஒரு பேச்சு உண்டு. காலையில் சரிசெய்தால் சாயங்காலம் ஐடிலிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், அலையும். அதற்குக் காரணம் பெரும்பாலும் 50 வருடத் தேய்மானம். தேய்ந்த இடத்தை விட்டுவிட்டு, பெட்ரோல் அளவை மாற்றும் நட்டைத் திருப்பிக்கொண்டிருந்தால் எந்தக் கார்புரேட்டரும் நிற்காது. எங்கே தேய்கிறது என்று புரிய, அது வேலை செய்யும் விதம் முதலில் புரிய வேண்டும்.

கொசு மருந்து அடிக்கும் பழைய கைப்பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். குறுகிய வழியில் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழேயுள்ள டப்பாவிலிருந்து மருந்து மேலேறித் தூறலாகிறது. கார்புரேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், வழியின் அகலம் மாறாமல் இருந்தால் காற்றின் அளவு இரு மடங்காகும்போது உறிஞ்சும் விசை நான்கு மடங்காகிவிடும். ஐடிலிங்கில் பெட்ரோலை இழுக்கவே தெம்பு இருக்காது. முழு வேகத்திலோ அளவுக்கு மீறி இழுக்கும். அதனால்தான் சாதாரண கார்புரேட்டர்களில் ஐடிலிங்குக்கு ஒரு ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை), ஓட்டத்துக்கு ஒரு ஜெட், பிக்கப்புக்குத் தனி பம்ப் என்று உள்ளே ஒரு கூட்டமே இருக்கிறது.

எஸ்யுவில் வழியின் அகலமே மாறுகிறது. மூடிக்குள் ஒரு கனமான பிஸ்டன் இருக்கிறது. அதன் அடிப்பாகம் காற்று போகும் வழியில் தொங்குகிறது. பிஸ்டனின் அடியிலுள்ள துளைகள் வழியாக என்ஜினின் உறிஞ்சல் மேலே மூடிக்குள் சென்று பிஸ்டனைத் தூக்கும். காற்று கூடினால் பிஸ்டன் ஏறி வழியை அகலமாக்கும், குறைந்தால் இறங்கும். தன் எடையையும் மேலுள்ள ஸ்பிரிங்கின் தள்ளலையும் சமன்செய்யும் உயரத்தில் நிற்கும். ஆகவே காற்று எவ்வளவு போனாலும் ஜெட்டின் வாயில் உறிஞ்சும் விசை ஏறக்குறைய ஒரே அளவு.

விசை மாறாவிட்டால் பெட்ரோலின் அளவு எப்படி மாறும்? அதற்குத்தான் பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி. மேலே தடித்து, கீழே போகப் போகச் சிறுத்திருக்கும். அது ஜெட் என்ற பித்தளைக் குழாய்க்குள் இறங்கி நிற்கிறது. பிஸ்டன் ஏறினால் ஊசியும் ஏறும்; ஜெட்டுக்குள் இருக்கும் பகுதி மெலிதாகும்; சுற்றியுள்ள வளைய இடைவெளி பெருத்து, காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வரும்.

இதைக் கண்டுபிடித்தவர் செருப்பு வியாபாரக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர். எஸ்யு என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கம். தொடக்ககாலக் கார்புரேட்டர்களில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்திதான் இருந்தது. தோலோடு வளர்ந்தவருக்கு வேறென்ன தோன்றும்!

நாம் எடுத்துக்கொள்வது எம்ஜிபியில் முதல் பத்தாண்டுக்கும் மேல் வந்த ஹெச்எஸ்4 வகை. பெயரிலுள்ள 4, ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை அரைக்கால் அங்குலம் என்பதைக் குறிக்கிறது. அதாவது ஒன்றரை அங்குல விட்டம்.

இனி கணக்கு. ஜெட்டின் துளை 0.090 அங்குலம். ஊசியின் தலைப்பகுதி 0.089 அங்குலம். லேத் பட்டறை பாஷையில் சொன்னால் வித்தியாசம் ஒரே ஒரு தவ், அதாவது 0.025 மி.மீ. இந்த ஊசி ஒரு தவ் தேய்ந்து 0.088 ஆனால் வளையத்தின் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். தலைமுடியை விட மெல்லிய தேய்மானத்துக்கு இரு மடங்கு வழி! பல பத்தாண்டுகள் ஜெட்டில் உரசிய ஊசியில் ஒரு பக்கம் பளபளவென்று கோடு தெரியும். ஜெட்டின் வாயும் வட்டம் கெட்டு முட்டை வடிவமாகியிருக்கும். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஊசியில் பொறித்த எழுத்தும் எண்ணும் உங்கள் வருட மாடலுக்கு உரியவைதானா என்றும் பாருங்கள். முன்பிருந்தவர் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை: மூடி, உடல் இரண்டின் குறுக்காகவும் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு மூடியும் அதன் பிஸ்டனுக்கென்றே பொருந்தியது. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மற்றதில் போட்டால் அந்தப் பொருத்தம் போயிற்று. மூடியைக் கீழே போட்டு நசுக்கினாலும் அதே கதி. உள்ளே பெட்ரோலில் நனைத்த, பஞ்சு பிரியாத துணி மட்டும் போதும். எமரித் தாளோ பாலிஷோ படக்கூடாது. எண்ணெய் விடுவது பிஸ்டனின் நடுத் தண்டில் ஒரே ஒரு துளி. பக்கவாட்டில் பூசினால் தூசி ஒட்டிப் பிஸ்டன் சிக்கும்.

இந்தப் பொருத்தத்தைச் சோதிக்க மீட்டர் வேண்டாம், கடிகாரம் போதும். ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மூடிக்குள் முழுதும் தள்ளி, மேலே டேம்பரை (பிஸ்டன் ஏறும் வேகத்தைத் தணிக்கும் கம்பி) திருகி, பிஸ்டனின் அடித் துளைகளைக் களிமண்ணால் அடைத்து விடுங்கள். தலைகீழாகத் திருப்பி, பிஸ்டனைக் கையில் பிடித்து, மூடி தன் எடையில் கீழே இறங்க விடுங்கள். ஹெச்எஸ்4-க்கு 5 முதல் 7 விநாடி ஆக வேண்டும். அதைவிடச் சீக்கிரம் விழுந்தால் காற்று கசிகிறது. வராமல் நின்றால் அழுக்கு அல்லது நசுங்கல். அடியில் ஒரு துணியை விரித்துவிட்டுச் செய்யுங்கள். சொன்னேனே, கீழே விழுந்தால் போயிற்று.

அடுத்தது த்ராட்டில் ஸ்பிண்டில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகட்டின் தண்டு. ஐடிலிங் நிற்காத எஸ்யுக்களில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். 5/16 அங்குலத் தண்டு, அலுமினிய உடலின் துளைகளில் சுழல்கிறது. ஆக்சிலரேட்டர் இணைப்பு எப்போதும் ஒரு பக்கமே இழுப்பதால் துளையும் தண்டும் ஒரு பக்கமாகத் தேயும். ஐடிலிங்கில் என்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் பக்கவாட்டில் நுழையும் திருட்டுக் காற்று பெரிய பங்கு. அது பிஸ்டன் இருக்கும் வழியைக் கடக்காமல் நுழைவதால் அதற்குரிய பெட்ரோல் கூடவே வராது. கலவை லீன் ஆகும், அதாவது அதில் பெட்ரோல் குறையும். ஆளோ ஜெட்டை ஏற்றி இறக்கும் அளவு நட்டைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டி ரிச் ஆக்குவார். ஐடிலிங் சரியாகும், ஓட்டத்தில் கரும்புகை வரும். ஓட்டத்துக்குச் சரிசெய்தால் ஐடிலிங் போகும். டியூனிங் நிற்கவில்லை என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சோதிக்க, என்ஜின் ஓடும்போது தண்டின் முனையில் தூரிகையால் என்ஜின் ஆயில் தடவுங்கள். ஐடிலிங் சட்டென்று மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. ஸ்பிரே வேண்டாம், கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கும்.

தண்டைக் கழற்ற முதலில் அதில் மாட்டிய வட்டத் தகட்டை எடுக்க வேண்டும். தகட்டின் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டது. எந்த முகம் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பித்தளைத் திருகுகளின் முனையும் பிளந்து விரித்திருக்கும். பிளையரால் முனையை ஒடுக்கிய பிறகே திருக வேண்டும். இல்லையென்றால் தண்டின் மரையும் சேர்ந்து போகும். திரும்ப மாட்டும்போது புதுத் திருகு போட்டு, இறுக்காமல், த்ராட்டிலை நாலைந்து முறை படபடவென்று மூடுங்கள். தகடு தானே நடுவில் உட்காரும். இறுக்கிவிட்டு முனையை மறுபடி விரியுங்கள். விரிக்க மறந்த திருகு ஒருநாள் கழன்று நேராக சிலிண்டருக்குள் போகும்.

புதுத் தண்டு போட்டும் ஆடினால் உடல் தேய்ந்திருக்கிறது. 10 தவ் கூடுதல் பருமனுள்ள தண்டு கிடைக்கிறது. அல்லது துளைக்குள் புஷ் (பொருத்தும் வளையம்) அடிக்கலாம். எதுவானாலும் இரு பக்கத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் ஓட்ட வேண்டும். கை டிரில்லில் கண் மதிப்பாகச் செய்யும் வேலை இல்லை. லேத்துக்குக் கொடுத்துவிடுவது மேல்.

இனி ஊசியையும் ஜெட்டையும் பொருத்துவது. ஊசியின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக நிற்க வேண்டும். பிறகு ஜெட்டை நடுவாக்க வேண்டும். பிந்தைய மாடல்களில் ஊசி ஸ்பிரிங்கில் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்; அவற்றுக்கு இந்த வேலை இல்லை. நிலையான ஊசி என்றால் அளவு நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு நட்டை முழுதும் மேலே ஏற்றுங்கள். மேலிருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தி, டேம்பர் துளை வழியாகப் பென்சிலால் பிஸ்டனை அழுத்தியபடியே அதை இறுக்குங்கள். இப்போது பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டொக்’ என்று ஜெட்டின் வாயைச் சுற்றிய மேடையில் உட்கார வேண்டும். ஜெட்டைக் கீழே இறக்கியும் இதே சோதனை. ஜெட் மேலே இருக்கும்போது சத்தம் மழுங்கலாகவும், இறக்கினால் தெளிவாகவும் வந்தால் நடு தப்பியிருக்கிறது, மறுபடி செய்யுங்கள்.

ஃப்ளோட், அதாவது கார்புரேட்டரின் சிறு தொட்டியில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை, விஷயம் சுருக்கம். நைலான் ஃப்ளோட் என்றால், அந்தத் தொட்டியின் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வு மூடிய நிலையில் ஃப்ளோட்டின் கைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். 1/8 அங்குல டிரில் பிட்டைக் குறுக்கே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிஸ்டன் மூடியின் தலையிலுள்ள டேம்பருக்கு எஸ்ஏஇ 20 எண்ணெய். டேம்பரை உள்ளே இறக்கும்போது, அதன் மூடி உட்கார இன்னும் 6 மி.மீ. இருக்கையில் கை தடை உணர்ந்தால் அளவு சரி. இந்த எண்ணெய் பிஸ்டன் ஏறுவதை மட்டும் தாமதிக்கும், இறங்குவதைத் தடுக்காது. ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதிக்கும்போது பிஸ்டன் ஒரு கணம் தயங்குவதால் ஜெட்டில் உறிஞ்சல் கூடி, கொஞ்சம் அதிகப் பெட்ரோல் வரும். பிக்கப் பம்ப் செய்யும் வேலையை நாலு சொட்டு எண்ணெய் செய்துவிடுகிறது. மிதித்ததும் என்ஜின் திணறித் தும்மினால், வேறெதையும் தொடுமுன் இந்த எண்ணெயைப் பாருங்கள்.

சோக்கும் அப்படித்தான். இதில் காற்றை அடைக்கும் தகடே கிடையாது. குமிழை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும். ஊசியின் மெலிந்த பகுதி வாய்க்கு வந்து பெட்ரோல் கூடும். அவ்வளவுதான்.

ஏர் ஃபில்டரை மாட்டும்போது பேக்கிங்கைத் தலைகீழாக வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கார்புரேட்டரின் முகத்திலுள்ள இரண்டு சிறு துளைகள்தான் பிஸ்டனின் அடிக்கு வெளிக்காற்றைத் தருகின்றன. பேக்கிங் அவற்றை மூடிவிட்டால் பிஸ்டன் ஒழுங்காக ஏறாது. ஐடிலிங் அழகாக இருக்கும். ரோட்டில் இழுவையே இருக்காது.

டியூனிங் கடைசி வேலை. அதற்கு முன் வால்வு இடைவெளி 0.015 அங்குலம், ஸ்பார்க் பிளக் 0.025, பாயின்ட் 0.015 என்று சரிபார்த்து, இக்னிஷன் டைமிங்கையும் முடித்துவிடுங்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வரும் பல கார்களில் குற்றவாளி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர்தான். பிறகு ஜெட்டை அதைச் சுற்றிய மேடையோடு சமமாக ஏற்றி, அங்கிருந்து அளவு நட்டை 12 முகம், அதாவது இரண்டு சுற்று கீழே இறக்குங்கள். என்ஜின் நன்கு சூடானதும் இரண்டு த்ராட்டிலையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேளுங்கள். இரண்டின் ‘உஸ்’ ஒரே ஸ்தாயியில் வரும்வரை ஐடிலிங் திருகைச் சரிசெய்யுங்கள். காற்று சமமாகும் முன் பெட்ரோலைத் தொட்டால் எல்லாம் வீண்.

பெட்ரோலைப் பார்க்க, பிஸ்டனைத் தூக்கும் சிறு கம்பியால் 0.8 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். என்ஜின் ஒரு கணம் லேசாக வேகமெடுத்துப் பழைய நிலைக்கு வந்தால் சரி. வேகம் ஏறி அப்படியே நின்றால் ரிச். நட்டை ஒரு முகம் மேலே. வேகம் விழுந்து அணையப் போனால் லீன். ஒரு முகம் கீழே. ஒரு கார்புரேட்டரைத் திருத்தினால் மற்றதும் மாறும். ஆகவே மாற்றி மாற்றி இரண்டு மூன்று சுற்று பார்க்க வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். பத்து சதவீதக் கலவைக்கு 14.1 அளவில் வரும். இந்த ஊசிகளின் அளவை அந்தக் கலவைக்காக வகுக்கவில்லை. அதனால் பழைய அமைப்பில் அதை ஊற்றினால் என்ஜின் ஏறத்தாழ 4 சதவீதம் லீனாக ஓடும். நட்டை ஒரு முகம் இறக்கினால் ஐடிலிங்கில் ஈடாகும். வேகத்தில் ஊசியைச் சுற்றிய வளையம் ஏற்கெனவே பெரிது என்பதால் அந்த ஒரு முகம் அங்கே அதிகம் உதவாது. வேறு எண்ணுள்ள ஊசியே போட வேண்டியிருக்கும். ஃப்ளோட் தொட்டியிலிருந்து ஜெட்டுக்குப் போகும் குழாயும், ரப்பர் வளையங்களும், வால்வின் நுனியும் எத்தனால் தாங்குபவையா என்று வாங்கும்போதே கேளுங்கள். பழைய ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஊறிப் பெருக்கும், கடைசியில் வெடித்துக் கசியும். அது கசியும் இடம், முன்பு சொன்ன அந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே.