'ஏ' பாசிட்டிவ், உட்பிரிவு தெரியவில்லை: ராணுவ ஆய்வகங்கள் தவறவிடக் கூடாத முடிவு

இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸ் சோதனையில் 'ஏ' வகை பாசிட்டிவ். பருவக் காய்ச்சலின் எச்1, எச்3 உட்பிரிவுகள் இரண்டும் நெகட்டிவ். இப்படி ஒரு முடிவு வந்தால், ரீஏஜென்ட் (சோதனை வேதிப்பொருள்) கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2009 ஏப்ரலில், சான் டியேகோவிலுள்ள அமெரிக்கக் கடற்படை சுகாதார ஆராய்ச்சி மையத்தில் 9 வயதுச் சிறுமியின் மாதிரி இப்படித்தான் வந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசிக்கு அனுப்பினார்கள், புதிய எச்1என்1 என்று தெரிந்தது. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றை அறிவித்தது.

பல ஊர்களிலிருந்து வரும் புதிய வீரர்கள் ஒரே கூடத்தில் படுத்துறங்கும் பயிற்சி முகாமில் சுவாச வைரஸ் வேகமாகப் பரவும். 1976இல் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக்காய்ச்சல் வைரஸ் சுமார் 230 பேரைத் தொற்றியது, ஒருவர் இறந்தார்.

ஆனால் பெரும்பாலான பிழைகள் பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) அறைக்கு வெளியே, மாதிரி எடுக்கும்போதே நடக்கின்றன. நைலான் அல்லது பாலியெஸ்டர் முனையுள்ள ஸ்வாப் (மாதிரி எடுக்கும் குச்சி) வேண்டும். கால்சியம் ஆல்ஜினேட் முனையும் மரக்குச்சியும் பிசிஆரைத் தடுக்கும். ஸ்வாபை மூக்குக்குள் மேல்நோக்கி அல்ல, அண்ணத்துக்கு இணையாக, தடை படும்வரை செலுத்தி, சில நொடி வைத்து, சுழற்றி எடுங்கள். காய்ச்சல் தொடங்கி மூன்று நாளுக்குள் எடுப்பது நல்லது. விடிஎம் (வைரஸைக் காக்கும் திரவம்) குழாயை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து 72 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் மைனஸ் 70 டிகிரி. சாதாரண மைனஸ் 20 ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம், வைரஸ் சிதைந்துவிடும். உலர்பனியில் அனுப்பும்போது மூடியை இறுக்கிச் சீல் வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு கசிந்தால் திரவம் அமிலமாகி வைரஸ் கெடும்.

மாதிரியில் மனித செல்கள் உள்ளனவா என்று காட்டும் ஆர்என்ஏஸ் பி மரபணுக் கட்டுப்பாடும் வைரஸும் சேர்ந்து நெகட்டிவ் என்றால் அது 'நெகட்டிவ்' அல்ல, செல்லாத முடிவு. புது மாதிரி கேளுங்கள். மாதிரி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழி பாசிட்டிவ் காட்டினால் அந்தச் சோதனை ஓட்டம் முழுவதையும் ரத்து செய்யுங்கள்.

'ஏ' சிடி மதிப்பு (எத்தனை பிசிஆர் சுழற்சியில் வைரஸ் தெரிந்தது என்ற எண்; குறைந்தால் வைரஸ் அதிகம்) 35க்குக் கீழே இருந்து உட்பிரிவு மட்டும் வரவில்லையா? வைரஸ் போதிய அளவு இருக்கிறது, ஆனால் உட்பிரிவைத் தீர்மானிக்கும் எச்ஏ மரபணு உங்கள் பிரைமருக்கு (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு இழை) பொருந்தாமல் இருக்கலாம். அன்றே மேல்நிலை ஆய்வகத்துக்குத் தகவல் சொல்லி மாதிரியை அனுப்புங்கள். 35க்கு மேல் என்றால் வைரஸ் குறைவாக இருந்திருக்கலாம். ஆர்என்ஏவை மறுபடி பிரித்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். எதுவானாலும் வைரஸை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனைக்குப் போகாதீர்கள். புது வகை வைரஸை வளர்க்க சாதாரண உயிர்ப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகம் போதாது.

விரைவு ஆன்டிஜென் சோதனையின் நெகட்டிவை நம்பி எந்த வீரரையும் படுக்கைக் கூடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. தொற்றுள்ள பலரை அது தவறவிடும்.

படிவத்தில் அறிகுறி தொடங்கிய நாள், பயணம், கோழி அல்லது பன்றித் தொடர்பு இவற்றுடன் தடுப்பூசி நாளையும் எழுதுங்கள். மூக்கில் தெளிக்கும் உயிருள்ள தடுப்பு மருந்து பெற்ற வீரருக்குச் சில நாட்கள் பிசிஆர் பாசிட்டிவ் வரலாம்.