தங்கத்தை வேலை வாங்கிய ஹருதா

நகைத் தங்கம் கருக்காது, துருப்பிடிக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துப் பிளக்கும் திராணி அதற்கு இல்லை. பிளாட்டினமும் பல்லேடியமும் அந்த வேலையைச் சுலபமாகச் செய்வதால்தான் வினையூக்கிகளாக, அதாவது தாங்கள் செலவாகாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்களாக, பேர் வாங்கின. தங்கம் எதற்கும் உதவாது என்றே வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஒசாகாவிலிருந்த அரசுத் தொழில் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மசாதகே ஹருதா அந்த எண்ணத்தை உடைத்தார். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளின் மேல் மிக நுண்ணிய துகள்களாகத் தங்கத்தைப் படியவைத்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே 70 டிகிரி செல்சியஸ் குளிரிலும் அது கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது என்று 1987இல் அவரும் சகாக்களும் அறிவித்தார்கள். பிளாட்டினத்துக்கு இதே வேலைக்குப் பொதுவாக 100 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கார்பன் மோனாக்சைடு அதன்மேல் இறுக ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜன் வந்து உட்கார இடம் விடாது.

எல்லாம் துகளின் அளவில்தான் இருக்கிறது. 3 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) விட்டமுள்ள தங்கத் துகளில் ஏறக்குறைய 800 அணுக்கள் இருக்கும். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிப்பரப்பில் நிற்கும். மூலையிலும் விளிம்பிலும் நிற்கும் அணுக்களுக்கு அக்கம்பக்கத்தில் துணை குறைவு. அதனால் வரும் கார்பன் மோனாக்சைடை அவை பிடித்துக்கொள்கின்றன.

துகளைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது என்பதற்கு ஹருதா குழுவின் இன்னொரு சோதனை சாட்சி. தயாராக இருந்த 5 நானோமீட்டர் தங்கத் துகள்களை டைட்டானியம் டை ஆக்சைடோடு கலந்து 300 டிகிரியில் சுட்டபோது, வினை சொற்பமாகத்தான் நடந்தது. 600 டிகிரியில் சுட்டதும் துகள்கள் இரு மடங்குக்கு மேல் பெருத்துவிட்டன. ஆனாலும் வினை கூடியது! கோலிக்குண்டு போல ஆக்சைடின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த துகள், சூட்டில் கவிழ்த்த கிண்ணமாகி அடியோடு ஒட்டிக்கொண்டதே காரணம். தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் அந்த வட்ட விளிம்பில்தான் ஆக்சிஜன் தூண்டப்படுகிறது. ஹருதாவின் கண்டுபிடிப்புகளில் ஆழமானது இதுதான் என்பது எங்கள் கருத்து.

இந்த விளிம்பை உண்டாக்க அவர் குழு பயன்படுத்திய படிய வைக்கும் முறையைப் பார்க்கலாம். 1 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு, லிட்டருக்கு 1 மில்லிமோல் செறிவுள்ள குளோரோஆரிக் அமிலக் (தங்கமும் குளோரைடும் சேர்ந்த அமிலம்) கரைசல் 50 மில்லிலிட்டர் எடுத்தால், அதில் சுமார் 10 மில்லிகிராம் தங்கம் இருக்கும். கரைசலை 70 டிகிரிக்குச் சூடாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 7க்கும் 9க்கும் இடையில் கொண்டுவர வேண்டும். தங்கத்தோடு ஒட்டியிருந்த குளோரைடுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, அந்த இடத்தில் ஹைட்ராக்சைடு வந்து சேரும். ஆக்சைடுத் தூளைப் போட்டு 1 மணி நேரம் கலக்கி, வடிகட்டி, கழுவி, உலர்த்தி, காற்றில் 300 டிகிரியில் 4 மணி நேரம் சுட வேண்டும். கரைசலில் உள்ள தங்கம் முழுவதும் ஒட்டாது, ஒரு பகுதி கழுவும் நீரோடு போய்விடும்.

பிஎச் குறைந்து கரைசல் அமிலமாக இருந்தால் துகள்கள் பெரிதாகிவிடும். பிஎச் கூடினால் தங்கம் ஒட்டுவதே குறையும். சிலிக்காவின் மேல் இந்த முறை பலிக்காது. சுமார் பிஎச் 2க்கு மேலே சிலிக்காவின் பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏறிவிடும். கரைசலில் தங்கம் இருப்பதும் எதிர்மின் அயனியாகத்தான், ஆகவே இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்.

கெடுதலில் முதலிடம் குளோரைடுக்கு. கழுவுவதில் கஞ்சத்தனம் காட்டினால், மிச்சமிருக்கும் குளோரைடு சுடும்போது தங்க அணுக்களை நகரவைத்து ஒன்றுசேர்த்துவிடும். மிஞ்சிய துகளின் விளிம்பையும் அடைத்துக்கொள்ளும். கழுவிய நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டால் பால் போல் கலங்கக் கூடாது, அதுவரை கழுவ வேண்டும். வெறும் கரைசலில் நனைத்து உலர்த்தும் பழைய முறையில் குளோரைடு முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். தங்கத்தைச் சோம்பேறி என்று முன்பு தள்ளிவைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

அடுத்தது வெளிச்சம். உலர்ந்த தூள் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். சுடுவதற்கு முன்பே ஊதா ஏறியிருந்தால், ஒளி பட்டுத் தங்கம் முன்கூட்டியே உலோகமாகிவிட்டது என்று பொருள். இருட்டிலும் குளிரிலும் வைப்பது இதற்காகத்தான். சுட்ட பிறகு வரும் ஊதா சரியான நிறம்.

நல்லபடியாகச் செய்த தூளும் ஓடிக்கொண்டிருக்கும்போது சோர்ந்துபோகும். விளிம்பில் கார்பனேட் படிந்து இடத்தை அடைத்துக்கொள்வது ஒரு காரணம். சற்றே ஈரம் கலந்த காற்று அதைக் குறைக்க உதவும். கார் புகைக்குழாயில் இதை வைக்க முடியாது. 1064 டிகிரியில் உருகும் தங்கத்தின் அணுக்கள் சுமார் 400 டிகிரியிலேயே நகர ஆரம்பித்துவிடும், நானோ துகளில் இன்னும் முன்பே.

செய்முறையில் இவ்வளவு நுணுக்கம் இருந்ததால் ஒரு ஆய்வகத்தின் முடிவை மற்றொன்றோடு ஒப்பிடுவதே பெரும்பாடாக இருந்தது. எல்லோரும் ஒரே பொருளை வைத்து அளக்கட்டும் என்று தங்கத் தொழிலின் அமைப்பான உலக தங்கக் கவுன்சில் மாதிரி வினையூக்கிகளை ஆய்வகங்களுக்கு வழங்கியது. ஜப்பானில் கழிவறை நாற்றத்தைப் போக்கும் கருவிகளுக்குள் தங்கம் போய்ச் சேர்ந்தது. 1998இல் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து விட்டு, புரோப்பிலீனிலிருந்து புரோப்பிலீன் ஆக்சைடு செய்யவும் ஹருதா குழு தங்கத்தையே பயன்படுத்தியது.

அதே 1980களில் பிரிட்டனின் கிரஹாம் ஹட்சிங்ஸ், அசெட்டிலீனிலிருந்து பிவிசியின் மூலப்பொருளான வினைல் குளோரைடு செய்யத் தங்கமே சிறந்தது என்று தனியாகக் கண்டறிந்தார். சீனாவில் இதற்கு நச்சான பாதரசக் குளோரைடைப் பயன்படுத்தி வந்தார்கள். கரியின் மேல் படியவைத்த தங்கம் இப்போது அங்கே ஆலைகளில் அதன் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.