கை கழுவிய தண்ணீரில் போகும் மருந்து

முழங்கால் வலிக்காக அம்மாவுக்குத் தினமும் ராத்திரி டைக்ளோஃபெனாக் ஜெல் தேய்த்துவிடுகிறேன். தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன். அம்மாவின் காலில் இருப்பது காலைக் குளியலில் போய்விடும். இந்த ஜெல்லில் உள்ள மருந்தில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் தோல் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. மீதியில் பெரும்பகுதி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக் குழாயடியிலிருந்து பாதாளச் சாக்கடைக்கு.

புதுச்சேரியின் கழிவுநீர் லாஸ்பேட்டை, கனகன் ஏரி போன்ற இடங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. அங்கே உழைப்பவை பாக்டீரியாக்கள். காற்றை ஊதிக்கொடுத்தால் மலம், சோற்றுக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். பாராசிட்டமாலும் அவற்றுக்குத் தீனிதான். பெரும்பாலும் மிச்சம் வைக்காது. சலவைத்தூளின் நுரைப்பொருளும் காற்றோட்டம் இருந்தால் சிதைந்துவிடும், காற்றில்லாமல் தேங்கிய வாய்க்காலில் சிதையாது.

சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின் கதை வேறு. அதை நம் உடம்பு மாற்றுவதே இல்லை. விழுங்கியது விழுங்கியபடியே வெளியேறும். பாக்டீரியா அதைக் குவானைல்யூரியா என்ற இன்னொரு பொருளாக்கிவிட்டுப் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்ளும். வலிப்பு நோய்க்கான கார்பமாசெபைன் இன்னும் பிடிவாதம்: சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போனது ஏறக்குறைய போனபடியே மறுமுனையில் வந்து நிற்கும். நிலத்தடி நீரில் அது தென்பட்டால், சாக்கடை எங்கோ கசிகிறது என்று ஆய்வாளர்கள் அதையே தடயமாகக் கொள்கிறார்கள். போர்வெல் தண்ணீரை நம்பிக் குடிக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். எளிதில் சிறுநீரில் கரைந்து போகட்டும் என்று நம் கல்லீரல் பல மருந்துகளோடு சர்க்கரை அமிலம் ஒன்றை ஒட்டி அனுப்புகிறது. சுத்திகரிப்புத் தொட்டியில் பாக்டீரியா அந்த ஒட்டை மட்டும் வெட்டித் தின்றுவிடும். செயலிழந்து போன மருந்து மறுபடி உயிர் பெறும். உள்ளே வந்த தண்ணீரைவிட வெளியே போகும் தண்ணீரில் சில மருந்துகள் அதிகமாக அளவிடப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அளவு மிகக் குறைவு, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். பெரும்பாலும் அதைவிடவும் குறைவு. ஆனால் டைக்ளோஃபெனாக் அந்த அளவிலேயே டிரவுட் மீன்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். இதே மருந்து போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றுதான் நம் பிணந்தின்னிக் கழுகுகள் லட்சக்கணக்கில் செத்தன. 2006இல் கால்நடை மருந்தாக அதற்குத் தடை வந்தது.

ஓசோன் செலுத்தியும் நுண்துளைகள் நிறைந்த கிளர்வூட்டிய கரியில் (activated carbon) ஒட்டவைத்தும் இவற்றைப் பெருமளவு பிரிக்கலாம். பெரிய நிலையங்கள் பலவற்றுக்குச் சுவிட்சர்லாந்து 2016 முதல் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. செலவு பிடிக்கும், இருந்தாலும் நம் ஊரிலும் செய்தாக வேண்டும்.

மருந்தை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அம்மாவின் கட்டிலோரம் பழைய பேப்பரைக் கிழித்து வைத்திருக்கிறேன். தேய்த்து முடித்ததும் அதில் கையை அழுத்தித் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் குழாயடிக்குப் போகிறேன்.