கல்விச் சீர் கொடுத்தாச்சா? அப்படியே குழுக் கூட்டத்துக்கும் போங்க

கோபி, அவிநாசி பக்கம் அரசுப் பள்ளிக்குக் கல்விச் சீர் கொண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள். மேளம் முன்னால் போக, பின்னால் பீரோ, நாற்காலி, குடம், தாம்பாளத்தில் நோட்டும் பென்சிலும். நல்ல விஷயம்தான். ஆனால் பீரோ வாங்கித் தந்தவர்களில் பலருக்கு, அதே பள்ளிக்கு வரும் அரசுப் பணம் என்ன ஆனது என்று கேட்கச் சட்டமே ஓர் இடம் கொடுத்திருப்பது தெரியாது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் இது வருகிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024இல் குழுக்களை மாற்றியமைத்தபோது 24 பேராக்கி, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உள்ளாட்சிப் பிரதிநிதிகளும் உண்டு. தலைவராக இருப்பது அங்கே படிக்கும் பிள்ளையின் பெற்றோர். தலைமை ஆசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர் மட்டும்தான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு.

குழுவின் வேலை என்ன? பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. இதில் மூன்றாவதைத்தான் யாரும் தொடுவதில்லை, டீச்சரம்மா என்ன நினைப்பாரோ என்ற தயக்கம். சண்டைக்குப் போக வேண்டாம், "ஏனுங்க டீச்சர், இந்த வருசம் பள்ளி மானியம் எத்தனைங்க வந்துச்சு, எதெதுக்குப் போச்சுங்க" என்று கேட்டால் போதும், அதைச் சொல்ல வேண்டியது அவர் கடமை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டக் கணக்குப்படி 31 முதல் 100 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம். 2024-25இல் இந்தத் திட்டத்துக்கான மத்திய நிதியே தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது, அதனால் வந்ததா என்பதையே முதலில் கேளுங்கள்.

கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல். பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போகிறவர்களுக்கு அது அரை நாள் சம்பளம், இது நியாயமான குறைதான். வர முடியாதவர்கள் உறுப்பினர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள், ஆனால் தீர்மானத்தில் ஏறியதா என்று அப்புறம் விசாரியுங்கள். பேசினது மட்டும் எங்கேயும் போகாது, தீர்மானமாக எழுதி பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி (TNSED) பெற்றோர் செயலியில் ஏற்றினால்தான் அந்தந்தத் துறைக்குப் போகும். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஒழுகினால் தீர்மானத்தின் நகலோடு ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) மனு கொடுங்கள், கிராம சபையிலும் ஒரு முறை எழுப்புங்கள்.

சரி, பணமாகவே கொடுக்க நினைக்கிறீர்களா? கையில் கொடுக்காதீர்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தலாம், கணக்கு இருக்கும். சுற்றுச்சுவர் மாதிரிப் பெரிய வேலை என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மீதியை அரசு போடும். கோயில் நோம்பிக்கு வரி போடும் ஊருக்கு இது பெரிய தொகையில்லை.

குழுவின் காலம் 2 ஆண்டு. அடுத்த மறுகட்டமைப்பு எப்போது என்று பள்ளியில் கேட்டு வையுங்கள். அன்றைக்குப் பெற்றோர் நிறையப் பேர் போகாவிட்டால், வந்திருக்கிற நாலு பேரே ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள்.