எக்சிபியன்ட்: மருந்தின் துணைப்பொருள்

மாத்திரை அட்டையின் பின்புறம், மருந்தின் பெயருக்கும் அளவுக்கும் கீழே, சில வேளை 'எக்சிபியன்ட்ஸ் கியூ.எஸ்.' என்று அச்சிட்டிருப்பார்கள். கியூ.எஸ். என்பது 'போதுமான அளவு' எனப் பொருள்படும் லத்தீன் தொடரின் சுருக்கம். நோய்க்கு வேலை செய்யும் மூலமருந்தைத் தவிர, மாத்திரையிலோ சிரப்பிலோ களிம்பிலோ வேண்டுமென்றே சேர்க்கப்படும் மற்ற எல்லாமே எக்சிபியன்ட்தான்.

சொல்லின் வேர் 'எக்சிப்பெரே' என்னும் லத்தீன் வினை. எடுத்துக்கொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்று பொருள். தூளான மருந்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருட்டும் பதத்துக்குக் கொண்டுவந்த தேன், சர்க்கரைப்பாகு, பிசின் முதலியவற்றைப் பழைய மருந்தாளுநர்கள் இப்படி அழைத்தார்கள்.

வேரை அப்படியே பின்பற்றினால் 'ஏற்பி' என்று சொல்லலாம். ஆனால் உயிரணுவில் மருந்து சென்று பொருந்தும் இடத்துக்கு அந்தப் பெயர் போய்விட்டது. 'துணைமருந்து' என்பது சித்த மருத்துவத்தில் அனுபானத்தைக் குறிக்கும். அது மருந்தோடு தனியாக உட்கொள்வது, மருந்துக்குள் இருப்பதல்ல. 'செயலற்ற பொருள்' என்றும் எழுதுகிறார்கள். இதைக் கைவிட வேண்டும், ஏனென்றால் பொருளே தவறு. 'துணைப்பொருள்' சரியானது, குழப்பம் வரும் இடத்தில் 'மருந்துத் துணைப்பொருள்' என்று விரித்து எழுதலாம்.

செயலற்றது என்பது ஏன் தவறு? 1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், வலிப்புக்கான ஃபெனிட்டோயின் காப்ஸ்யூலில் நிரப்பியாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதிலாக லாக்டோஸைப் போட்டார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனாலும் பலருக்கு இரத்தத்தில் ஃபெனிட்டோயின் ஏறி நச்சுக்குறிகள் தோன்றின. கால்சியம் சல்பேட் அதுவரை மருந்தின் ஒரு பகுதியை உறிஞ்சவிடாமல் தடுத்துவந்திருக்கிறது. நோயாளிகளுக்கு வகுத்திருந்த அளவு அந்தத் தடையோடு சேர்ந்த அளவு.

துணைப்பொருள் இல்லாமல் மாத்திரையே கிடையாது. தைராய்டு மருந்தான லெவோதைராக்சினை 50 மைக்ரோகிராம் அளவில் கையால் எடுக்கவும் முடியாது, அச்சில் அழுத்தவும் முடியாது. ஏறக்குறைய 100 மில்லிகிராம் எடைக்கு நிரப்பி சேர்த்த பிறகே அது மாத்திரையாகிறது. அதாவது 2,000 பங்கில் 1 பங்குதான் மருந்து. குறுணைகளை ஒட்டவைப்பது பிணைப்பி. வயிற்றில் நீர் பட்டதும் ஊதி மாத்திரையை உடைப்பது சிதைப்பி. சிதைப்பியான குரோஸ்கார்மெல்லோஸ் சோடியம் பொதுவாக 5 சதவீதத்துக்குள் போதும். அச்சில் ஒட்டாமல் காப்பது உயவுப்பொருள். பெரும்பாலும் மெக்னீசியம் ஸ்டியரேட்தான், 1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. இதைக் கடைசியில் சேர்த்துச் சில நிமிடங்கள் மட்டுமே கலக்க வேண்டும். கூடுதலாகக் கலக்கினால் நீரை ஒட்டவிடாத மெல்லிய படலம் ஒவ்வொரு துகளையும் போர்த்திவிடும். மாத்திரையின் உறுதியும் குறையும், கரைவதும் தாமதமாகும்.

நீர்ம மருந்தில் பெரிய பொறுப்பு கெட்டிப்படுத்திக்கு. நீரில் கரையாத மருந்துத் துகள்கள் மிதக்கும் சஸ்பென்ஷனில் துகள் படியும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதி சொல்கிறது: பாகுநிலை இரட்டித்தால் வேகம் பாதியாகும், துகளின் ஆரம் பாதியானால் வேகம் காலாகும். ஆகவே மருந்தை நுண்ணியதாக அரைப்பதும் நீர்மத்தைக் கெட்டிப்படுத்துவதும் சேர்ந்தே நடக்க வேண்டும். கெட்டிப்படுத்தியின் அளவு குறைந்தால் துகள்கள் அடியில் கட்டியாக இறுகும். அந்த புட்டியின் முதல் கரண்டிகளில் மருந்து போதாது, கடைசிக் கரண்டிகளில் அளவுக்கு மீறும். குழந்தைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் இது சிறிய விஷயமல்ல. கெட்டிப்படுத்தி மிஞ்சினாலோ, மருந்து குலுக்கினாலும் அசையாது, அளவுக் கரண்டியிலேயே ஒட்டி நிற்கும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது சாந்தன் பிசின். சாந்தோமோனாஸ் கம்பெஸ்ட்ரிஸ் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு சர்க்கரையை நொதிக்கவைத்து எடுப்பது; 1 சதவீதத்துக்குக் குறைவாகவே வேலை செய்யும். சும்மா இருக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வலைபோல் பின்னித் துகள்களைத் தாங்கும். குலுக்கினால் பின்னல் தளர்ந்து மருந்து எளிதாக ஊற்றும், நிறுத்தினால் மறுபடி கெட்டியாகும். 'நன்றாகக் குலுக்கவும்' என்ற வரிக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

கரைக்கும் முறையில்தான் பலரும் தவறுவார்கள். சாந்தனைத் தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டினால் மேற்புறம் பசையாகிவிடும், உள்ளே உலர்ந்த தூள் அடைபட்டுக் கட்டிகட்டியாக நிற்கும். முதலில் கிளிசரினில் நனைத்துக் குழைத்து, பிறகு கலக்கிக்கொண்டிருக்கும் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மற்றொரு கெட்டிப்படுத்தியான மெத்தில் செல்லுலோஸ் நேர்மாறானது: வெந்நீரில் கரையாது, குளிர்நீரில் கரையும். மூன்றிலொரு பங்கு நீரைச் சுமார் 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அதில் தூளைப் பரப்பி நனைத்து, மீதி நீரைக் குளிராக ஊற்றினால் தெளிவாகக் கரையும். களிம்புக் கூழில் சேரும் கார்போமர் அமில நிலையில் நீர்த்தே இருக்கும். காரம் சேர்த்து பிஎச் 7ஐ நெருங்கும்போது இறுகும், உப்பு கூடினால் மறுபடி நீர்த்துப்போகும். எதிர்மின்னேற்றம் கொண்ட சோடியம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸை நேர்மின்னேற்ற மருந்தோடு சேர்த்தால் இரண்டும் பிணைந்து வீழ்படிவாகலாம்.

மாத்திரையிலும் கெட்டிப்படுத்தி உண்டு. நாள் முழுவதும் மெதுவாக மருந்தை விடும் பல மாத்திரைகளில் ஹைப்ரோமெல்லோஸ் இருக்கிறது. நீர் பட்டதும் சுற்றிலும் கூழ்ப்படலம் உருவாகி, மருந்து அதன் வழியே கசிந்து வரும். அந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் படலம் உருவாகாது. 12 மணி நேரத்துக்குப் பிரித்துவைத்த மருந்து மொத்தமும் சிறிது நேரத்தில் இரத்தத்தில் சேர்ந்துவிடும். விழுங்க முடியாதவருக்குப் பொடித்துத் தரலாமா என்று மருந்தாளுநரிடம் கேட்காமல் உரலைத் தொடக்கூடாது.

சிலருக்குத் துணைப்பொருளே ஆகாது. ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை உடல் சரியாகச் சிதைக்காத ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பரம்பரை நோய் உள்ளவர்கள், அஸ்பார்டேம் என்னும் இனிப்பூட்டி சேர்ந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும். பதப்பொருளான பென்சைல் ஆல்கஹால் பிறந்த குழந்தைகளுக்கு ஆபத்தானது. குறைமாதக் குழந்தைகள் இதனால் மூச்சுத் திணறி இறந்ததை 1980களின் தொடக்கத்தில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். உறையில் வெறும் 'கியூ.எஸ்.' மட்டும் இருந்தால், உள்ளிருக்கும் விளக்கத்தாளில் முழுப் பட்டியலைத் தேடுங்கள்.