கரஸ்பாண்டன்ஸ் என்றால் கடிதம் மட்டுமா?

பள்ளிக்கூடத்தில் கரஸ்பாண்டன்ட் என்றால் தாளாளர். பத்திரிகையில் நிருபர். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவரைக் கேட்டால் ‘கரஸ்ல பண்ணேன்’ என்பார். மூன்றும் ஒரே சொல்லின் பிள்ளைகள், மூன்றுக்குள்ளும் கடிதம் ஒளிந்திருக்கிறது. நிருபர் என்பதிலும்கூட! நிருபம் என்றால் கடிதம். பைபிளில் ‘ரோமருக்கு எழுதின நிருபம்’ இருக்கிறதே.

வேர் லத்தீன். ‘ஸ்பாண்டேரே’ என்றால் வாக்குக் கொடுத்தல். ஸ்பான்சரும் அங்கிருந்து வந்தவர்தான். முன்னால் ‘ரே’ சேர்ந்தால் பதில் சொல்லுதல். அதற்கும் முன்னால் ‘சேர்ந்து’ என்ற பொருளில் ஓர் ஒட்டு. ஒன்றுக்கொன்று பொருந்துதல் என்பதுதான் பழைய அர்த்தம், கடித அர்த்தம் ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டியது. ஆக, ஒருவர் மட்டும் எழுதிக் குவித்தால் போதாது. எதிர்ப்பக்கம் பேச வேண்டும்.

அமெரிக்கத் தென்மாநிலமான ஜார்ஜியாவின் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸை எடுத்துக்கொள்வோம். வழக்கறிஞர், அரசியல்வாதி, அடிமைகளை வைத்திருந்தவர். ஆபிரகாம் லிங்கனும் அவரும் விக் என்ற ஒரே கட்சியில், ஒரே காலத்தில் நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள். தென்மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரிய வேண்டாம் என்று 1860 நவம்பரில் ஸ்டீபன்ஸ் ஜார்ஜியா சட்டமன்றத்தில் பேசினார். அந்தப் பேச்சின் பிரதி கேட்டு, அப்போதுதான் அதிபர் தேர்தலில் வென்றிருந்த லிங்கன் நவம்பர் 30-இல் சிறு குறிப்பு அனுப்பினார். டிசம்பர் 14-இல் பதில் வந்தது. 22-இல் லிங்கன், ‘உங்கள் கண்ணுக்கு மட்டும்’ என்று குறித்து மறுபடி எழுதினார்: அடிமைமுறை சரி, அது பரவ வேண்டும் என்கிறீர்கள் நீங்கள், அது தவறு, அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறோம் நாங்கள், சிக்கல் அங்கேதான். ஸ்டீபன்ஸ் 30-இல் எழுதிய கடிதத்தில் பைபிளின் நீதிமொழிகளைத் துணைக்கு அழைத்தார்: இப்போது நீங்கள் ஏற்ற வார்த்தை ஒன்று சொன்னால், அது வெள்ளித்தட்டில் வைத்த பொற்பழம். அடுத்த பிப்ரவரியில் அதே ஸ்டீபன்ஸ் பிரிந்துபோன தென்மாநிலங்களின் துணைத் தலைவர்!

இந்த நான்கையும் சேர்த்துத்தான் கரஸ்பாண்டன்ஸ் என்கிறோம். லிங்கனின் 22-ஆம் தேதிக் கடிதத்தைத் தனியே படித்தால் அது வெறும் கடிதம், அவ்வளவுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கடிதத் தொடர்பு’ பரவாயில்லை, ஆனால் யார் எழுதினார், யார் பதில் போட்டார் என்ற அசைவு அதில் இல்லை. என் ஓட்டு ‘கடிதப் போக்குவரத்து’க்கு. பஸ் ஞாபகம் வருகிறது என்று சிலர் சிரிப்பார்கள். வரட்டுமே, போக்கும் வரத்தும் சேர்ந்த சொல், லத்தீன் சுற்றி வளைத்ததை நேராகவே சொல்லிவிடுகிறது.

ஆவணக் காப்பகங்களில் ‘பெர்சனல் கரஸ்பாண்டன்ஸ்’ என்று தலைப்பிட்டிருந்தால், அதைத் ‘தனிப்பட்ட கடிதப் போக்குவரத்து’ எனலாம். அரசாங்கக் காகிதங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர் அது. ரகசியம் என்று பொருள் இல்லை. ஸ்டீபன்ஸ் தன் மாற்றாந்தாயின் மகனான தம்பி லிண்டனோடு பல ஆண்டுகள் எழுதிக்கொண்ட கடிதங்கள் தனிப்பட்டவை. லிங்கன் ‘உங்கள் கண்ணுக்கு மட்டும்’ என்று குறித்தது அதற்கும் ஒரு படி மேலே, அதற்கு ‘அந்தரங்கம்’ என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கிறது.