உங்கள் தெருவில் என்ன கட்டலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

தெருமுனையில் இருந்த பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள், ஜல்லி வந்து இறங்குகிறது, நாலு மாடி வரப்போகிறது என்று பேச்சு. வடசென்னையில் கொருக்குப்பேட்டையோ பெரம்பூரோ, நம்ம ஆட்கள் முதலில் தேடிப் போவது கவுன்சிலரைத்தான். அவரும் "பார்க்கலாம்" என்பார். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதற்காக அவரைத் திட்டிப் பயனில்லை, ஏனென்றால் அந்த மனையில் என்ன வரலாம் என்பது அவர் ஓட்டு கேட்டு வருவதற்கு எவ்வளவோ முன்பே, வேறொரு அலுவலகத்தில், ஒரு வரைபடத்தில் முடிவாகிவிட்டது.

அந்த அலுவலகம் எழும்பூரில் உள்ள சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். (அது இயங்கும் தாளமுத்து நடராசன் மாளிகைக்குப் பெயர் தந்த இருவரும் நம்ம மூலக்கொத்தளத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.) 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. குழுமத்தின் தலைவர் துறை அமைச்சர், மேயர் இல்லை. இவர்கள் போடும் மாஸ்டர் பிளான் 1975இல் ஒன்று, 2008இல் இரண்டாவது, அவ்வளவுதான் இதுவரை. இரண்டாவது பிளானில் 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பு முழுக்க ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு கொடுத்திருக்கிறார்கள்: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை என்று போகும் பட்டியலில், சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்கள் என்றும் ஒன்று உண்டு. அது எங்கே இருக்கிறது என்று கேட்கவே வேண்டாம், மணலி, எண்ணூர் பக்கம்தான்.

ஏன் அங்கே? மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும் ஓடத் தொடங்கிவிட்டன. முதல் மாஸ்டர் பிளான் வந்தபோது அவற்றைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது, அதனால் ஏற்கெனவே இருப்பதைச் சுற்றிக் கோடு போட்டார்கள். அப்புறம்தான் விஷயமே. கோடு போட்டாயிற்று என்றால் அடுத்து வருகிற ஆலைக்கு அனுமதி எங்கே சுலபம்? அந்தக் கோட்டுக்குள்ளேதான். அது வந்ததும், "இது தொழிற்பகுதிதானே" என்ற வாதம் இன்னும் கொஞ்சம் பலப்படும், அடுத்த பிளானில் கோடு இன்னும் அழுத்தமாகும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போகிற சுழற்சி இது. இதில் யாரோ ஒருவர் உட்கார்ந்து "வடசென்னைக்கே எல்லாம் போகட்டும்" என்று கையெழுத்து போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்ததும், அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்து மக்கள் அம்மோனியா நெடியில் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடியதும், குடிசைக்கும் ஆலைக்கும் நடுவே அந்த வரைபடம் எவ்வளவு இடம் விட்டது என்ற கேள்வியில்தான் போய் முடிகின்றன.

சரி, வகைப்பாடு குடியிருப்பு என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு உயரம், எத்தனை வீடு? இங்கே வருவது எஃப்எஸ்ஐ, தமிழில் தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற கணக்கு. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு அது 2. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால் எல்லா மாடியும் சேர்த்து 4,800 சதுர அடி. கூடுதல் பணம் கட்டி இன்னும் கொஞ்சம் வாங்கலாம், ஆனால் எவ்வளவு என்பதை எதிரே இருக்கும் சாலையின் அகலம் தீர்மானிக்கும்: 18 மீட்டருக்கு மேல் என்றால் 50 சதவீதம் வரை, சாலை குறுகக் குறுக அதுவும் குறையும். 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டிய அடுக்குமாடி என்றால் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சந்துகளில் ஆட்டோ திரும்பவே ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும், அங்கே பெரிய பில்டர் வரமாட்டார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் மாதவரம் நெடுஞ்சாலையிலும் வருவார். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓட ஆரம்பித்ததும் அந்த வழியோர மனைகளுக்கு மவுசு கூடியது. ஆகச் சாலையை அகலப்படுத்துகிறவரும் ரயிலைக் கொண்டுவருகிறவரும் மாஸ்டர் பிளானைத் தொடாமலே அடர்த்தியை மாற்றிவிடுகிறார்கள்.

இதில் மாநகராட்சி எங்கே வருகிறது? பிளான் பாஸ் பண்ணுவதில் வரும். 10,000 சதுர அடி, 8 வீடு வரையிலான கட்டடங்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கையெழுத்து போடுவது அதிகாரிகள், மாமன்றம் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. பிரிட்டனில் கவுன்சிலர்கள் அடங்கிய குழு பெரிய கட்டட விண்ணப்பங்களை விவாதித்து ஏற்கவோ மறுக்கவோ செய்யும். நம்ம முறை அப்படியில்லை: விதிப்படி செட்பேக் (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்), உயரம், எஃப்எஸ்ஐ எல்லாம் சரியாக இருந்தால் அதிகாரிக்கு மறுக்க இடமில்லை, சரியில்லை என்றால் கொடுக்க இடமில்லை, குறைந்தபட்சம் காகிதத்தில். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. வீடு கட்டுகிறவருக்கு நல்லதுதான், எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

இத்தனைக்கும் அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சிகளுக்குரிய 18 பணிகளின் பட்டியலில் முதலாவதாக நிற்பதே நகரத் திட்டமிடல்தான். ஆனால் அவற்றை மாநில அரசு கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை. திட்டமிடலைக் கொடுக்கவில்லை. இன்னொன்றும் உண்டு: 2011 வரை திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். சென்னை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தபோது அவை 200 வார்டுகள் கொண்ட ஒரே மாமன்றத்துக்குள் கரைந்தன. அப்புறம் 2016 முதல் 2022 வரை அந்த மாமன்றமும் இல்லை, தேர்தலே நடக்கவில்லை.

முடிவு ஓரிடத்தில், விளைவு இன்னோரிடத்தில் என்பதுதான் இந்த அமைப்பின் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். தண்ணீரை வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு கிரவுண்டு மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது சுமார் 22,000 லிட்டர். மண்ணும் இரண்டு மரமும் இருந்த வீட்டில் அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். பக்கத்து செட்பேக்குக்கும் சிமெண்ட் போட்டு, மழைநீர் சேகரிப்புக் குழியைப் பேருக்குத் தோண்டி வைத்தால் ஏறக்குறைய முழுத் தண்ணீரும் தெருவுக்கு வரும். வரிசையாகப் பத்து மனையில் இது நடந்தால் மழைநீர் வடிகால் நிரம்பும், ஓட்டேரி நல்லாவோ கொடுங்கையூர்க் கால்வாயோ தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளும். அடர்த்தியை நிர்ணயித்தது சிஎம்டிஏ, கழிவுநீருக்குக் குடிநீர் வாரியம் பொறுப்பு, வடிகால் மாநகராட்சியுடையது. முழங்கால் தண்ணீரில் நின்று பதில் சொல்வது மட்டும் கவுன்சிலர்.

மாமன்றத்துக்குக் கையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாலை, வடிகால், பூங்கா, குப்பை எல்லாம் அதனிடம்தான். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு மாநகராட்சியின் சொந்த இடம், அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை முன்வைத்ததும் அதுதான், அதை எதிர்த்துச் சுற்றுவட்டார மக்கள் வீதிக்கு வந்து கேட்டதும் அதனிடம்தான். ஒரு பகுதியின் முகத்தையே மாற்றக்கூடிய முடிவு அது, அதற்கு எழும்பூரைக் கைகாட்ட முடியாது.

வரைபடம் போட்ட பிறகும் மாறும். நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்டு யாரும் சிஎம்டிஏவில் விண்ணப்பிக்கலாம். நாளிதழில் ஒரு சின்ன விளம்பரம் வரும்: இன்ன கிராமம், இன்ன சர்வே எண், வேளாண் பயன்பாட்டிலிருந்து தொழில் பயன்பாட்டுக்கு மாற்றுவது குறித்து ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும். மாநகருக்குள்ளே இருந்தாலும் வருவாய்க் கணக்கில் மாத்தூர் கிராமம், சடையங்குப்பம் கிராமம் என்றுதான் இருக்கும், நகர்ப் பெயரையோ தெருப் பெயரையோ தேடினால் கண்ணில் படாது. ஆட்சேபணை வராமலே நாள் முடிந்துபோவதில் ஆச்சரியம் என்ன? கடலோரத்துக்கு இதேபோல் வேறொரு வரைபடம் உண்டு. 1996இல் ஒப்புதல் பெற்றதில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய பகுதியாக இருந்தது. பின்னால் வந்த வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம் என்று 2017இல் பெரிய சர்ச்சையே எழுந்தது.

இப்போது மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிறது, அடுத்த 20 வருடத்துக்கு. வட சென்னை வளர்ச்சித் திட்டத்தையும் சிஎம்டிஏதான் முன்னின்று நடத்துகிறது, 2024 மார்ச்சில் தொடங்கியபோதே 4,181 கோடி ரூபாய். கருத்து சொல்ல நினைப்பவர்கள் முதலில் பட்டாவிலோ பத்திரத்திலோ சர்வே எண்ணைப் பாருங்கள், நகரின் பழைய பகுதி என்றால் பிளாக் எண்ணும் சேர்த்து. சிஎம்டிஏ இணையதளத்தில் அதைக் கொடுத்தால் இன்றைய வகைப்பாடு தெரியும். 2022 நவம்பரிலிருந்து நடக்கிற பகுதி சபைக் கூட்டத்தில் எழுப்பினால் குறைந்தது பதிவாகும். "எங்கள் ஏரியாவில் கட்டக்கூடாது" என்று பொதுவாக எழுதினால் கோப்பில் தூங்கும். எந்த சர்வே எண், எந்தக் கால்வாயிலிருந்து எத்தனை மீட்டர், கடந்த மழையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று போட்டோவோடு எழுதினால் அதிகாரி பதில் எழுதியாக வேண்டிய கடிதமாகிவிடும்.